ஆள் நிற்கிற இடம்

எங்கள் வீட்டில் ஆல்பம் கிடையாது. படங்கள் எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் கிடக்கின்றன. மதினி சேர்த்துவைத்த பை. மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அவள் போன பிறகு பை என்னிடம் வந்தது. இந்தத் திருவிழா முடிந்ததிலிருந்து அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இருப்புக் கொள்ளவில்லை. கையை விட்டால் முதலில் வருவது பெரும்பாலும் ஒரே படம்தான். தெருக் குருசடிக்கு முன்னால் நாங்கள் நிற்கிறோம். ஓரத்தில் அம்மா. அடுத்து மதினி, இடுப்பில் கைப்பிள்ளை. அடுத்து வெறும் இடம். ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். அதைத் தாண்டி நான். என் முகம் கலங்கியிருக்கிறது. எடுக்கிற நேரத்தில் அசைந்துவிட்டேன்.

குருசடி என்றால் பெரிய கோவில் இல்லை. தெருமுனையில் சிலுவையை நட்டு மேலே கூரை போட்ட சின்ன இடம். அதன் முன்னால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை இருந்தது. திருவிழாக் கடைசி நாள் மாதா சப்பரம் தெருவைச் சுற்றிவந்து அங்கே நின்று போன பிறகு போட்டோக்காரர் வருவார். வெயில் தாழ்ந்திருக்கும். ஒவ்வொரு வீட்டுக்காரர்களாக வந்து நிற்பார்கள். அந்தப் படம் வீட்டில் மாட்டுவதற்கு இல்லை. கடலில் இருப்பவனுக்கு அனுப்புவதற்கு. அந்தக் காலத்தில் பாதி வீட்டில் ஆம்பிளைகள் தோணியிலோ கப்பலிலோ இருப்பார்கள். அவன் நிற்க வேண்டிய இடத்தை விட்டு நிற்க வேண்டும் என்பது எங்கள் தெருப் பழக்கம். கொழும்பிலோ மாலத்தீவிலோ உறையைப் பிரித்துப் பார்க்கிறவன் கண்ணில் முதலில் தன் இடம் பட வேண்டும். அங்கே வேறொருவன் நின்றுவிட்டால், இந்த வீட்டில் ஆள் நிரம்பிவிட்டது என்று போனவனைக் கடல் எடுத்துக்கொள்ளும் என்பார்கள். நம்பினோமா என்றால் தெரியாது. யாரும் நின்று பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த போட்டோக்காரர் ஒருவர், "என்னங்க, ஒவ்வொரு வீடும் பல்லு விழுந்த வாய் மாதிரி நிக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். எங்கள் பெண்கள் சும்மா விடுவார்களா? "ஒம்ம பல்லு ஒழுங்கா இருக்கணும்னா பேசாம எடும்வே" என்றாள் ஒருத்தி. அவர் அடுத்த வருடமும் வந்தார். பேசாமல் எடுத்தார்.

அண்ணன் தோணியில் கலாசி, பாய் இழுக்கிற வேலை. வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணி. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நடுவில் காற்று பிடித்துக்கொண்டது. தோணி அங்கே போய்ச் சேரவில்லை. இங்கேயும் வரவில்லை. ஒரு பலகைகூட எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. அதுதான் பாடு. பலகை வந்தால் அழுது முடித்திருக்கலாம். அதே தோணியில் எங்கள் தெரு ஆட்கள் வேறு சிலரும் போயிருந்தார்கள். அந்த வீடுகளில் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு இறந்தவர்களுக்கான ஆத்தும பூசை வைத்தார்கள். பெண்கள் வெள்ளைச் சேலைக்கு மாறினார்கள். அடுத்த திருவிழாவில் அந்த வீட்டுக்காரர்கள் ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் ஒட்டி நின்றால் பொருள் அதுதான். வாயால் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மதினி பூசை வைக்கவில்லை. கலர்ச் சேலை கட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குருசடிக்கு வந்தாள். அம்மா பின்னால் வந்தார்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. மதினி தரையைக் காட்டினாள். "அந்த மூல உடைஞ்ச கட்டத்துல நில்லும் தம்பி." வெள்ளைக் கட்டம் அது. ஒரு மூலை உடைந்திருக்கும். அதில் போய் நின்றேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் தாய்மாமா நின்றார். "ஏலே, நடுவுல என்ன உப்பளம் மாதிரி வெட்டவெளியா விட்டுருக்க? ஒட்டி நில்லுல" என்றார்.

"மாமா, அது ஆள் நிக்கிற இடம்" என்றாள் மதினி.

"ஆளு எங்களா இருக்கான்?"

"வருவாரு."

"வரும்போது நின்னுகிடட்டும். இப்ப எதுக்கு?"

"வரும்போது வேற ஆளு நின்னா, அவரு ஒங்க தோள்லயா ஏறி நிப்பாரு?"

கூட்டம் சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். போட்டோக்காரர், "சிரிச்சது போதும், அசையாம நில்லுங்க" என்றார். நான் அசைந்தேன். அந்தப் படம்தான் நான் முதலில் சொன்னது.

மாமா அதோடு விடவில்லை. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினார். "சின்னவன் இருக்கான்லா. கலியாணம் ஆவாதவன். அந்தப் புள்ள ஆயுசு பூரா இப்பிடியேவா நிக்கும்? பங்குச் சாமியாரக் கேட்டா வழி சொல்லுவாரு" என்றார். நான் வாசலில் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தேன். குசினியில் மதினி பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நின்றது. ஊசி என் விரலில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மதினி காப்பியோடு வந்தாள். மாமாவுக்கு முன்னால் வைத்தாள். "சீனி போதுமா பாருங்க" என்றாள். மாமா குடித்தார். போதும் என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த திருவிழாவுக்குக் குருசடியில் போய் நின்றோம். மூலை உடைந்த கட்டத்தில் நான். நடுவில் இரண்டு கட்டம். மாமா பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கும்தான்.

எனக்குத் தோணியில் போக ஆசை. படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. வேறு என்ன தெரியும்? அண்ணன் போன மறு வருடமே ஒரு தோணியில் ஆள் கேட்டார்கள். துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். மதினி வாசலில் நின்றாள். வழியை மறிக்கவில்லை, ஓரமாகத்தான் நின்றாள். "படத்துல ஒரு இடம் விடலாம் தம்பி. ரெண்டு இடம் என்னால விட முடியாது" என்றாள். சுருட்டியதை அவிழ்த்து வைத்தேன். அன்றிலிருந்து துறைமுகத்தில் சுமை ஏற்றினேன். மூட்டை, மரம், உரம், என்ன வந்தாலும். கப்பல் ஊதும்போதெல்லாம் கால் பரபரக்கும். கரையில் நிற்கிற கால் இல்லை அது. ராத்திரி படுத்தால் தரை ஆடாமல் கிடக்கும். ஆடாததுதான் எனக்குச் சங்கடம். அதனால்தான் ஒரு படத்திலும் என் முகம் சரியாக விழவில்லை என்று நினைக்கிறேன். கால் சொன்ன கட்டத்தில் நிற்கும். தலை நிற்காது. அண்ணன் மகள் வளர்ந்து பேச ஆரம்பித்ததும், "சித்தப்பாவுக்கு மட்டும் மூஞ்சியே கிடையாது" என்று படத்தைக் காட்டிச் சிரிப்பாள்.

பையில் வேறு படங்களும் உண்டு. காணும் பொங்கலுக்கு ஊரே முயல் தீவுக்குப் போகும். வேதக்காரர், இந்துக்கள் என்று கணக்கில்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்துவிட்டு வருவோம். அங்கே எடுத்த படம் ஒன்று இருக்கிறது. உடைமரத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறோம். படத்துக்கு உட்காரும்போதும் மதினி இடம் விட்டாள். பக்கத்துக் குடும்பத்துக் குட்டிப் பிள்ளை ஒன்று தத்தக்கா பித்தக்கா என்று நடந்துவந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கையில் அவித்த பனங்கிழங்கு. எல்லோரும் மதினி முகத்தைப் பார்த்தோம். அவள் விரட்டவில்லை. "நீ இங்கன வாளா" என்று தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மணலில் அந்தப் பிள்ளை உட்கார்ந்த பள்ளம் படத்தில் தெரிகிறது. யாருடைய பிள்ளை என்று தெரியாது. இன்றைக்கு அதற்கும் பேரன் பேத்தி இருக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குள் போவோம். கடலில் போனவர்களுக்கென்று அங்கே ஒரு சிலுவை உண்டு. அதன் அடியில் அம்மா அண்ணனுக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள். மதினி வாசலோடு நின்றுகொள்வாள். பிள்ளைக்குப் பொரி வாங்கிக் கொடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களிடம் பேசிக்கொண்டு நிற்பாள். அம்மா கேட்டதில்லை. அம்மா செத்த பிறகு நான் தெருக்கடைசியில் ஒரு அறை பார்த்துக்கொண்டேன். ஊர் வாய் இருக்கிறதே. சாப்பாடு மட்டும் மதினி வீட்டில். அண்ணன் மகள் எதிரில் உட்கார்ந்து படிக்கும். நான் அவசரமாகச் சாப்பிடுவேன். "சோத்தத் தின்னும்போதாவது உக்காந்து தின்னும். தோணி என்ன வாசல்ல காத்துட்டா நிக்கி?" என்பாள் மதினி. இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். எனக்கும் பெண் பார்த்தார்கள். ஒன்றும் அமையவில்லை. அமைய வேண்டும் என்று நான் ஓடவும் இல்லை.

மகளுக்குக் கலியாணம் ஆனது. மருமகன் வந்தார். பேரன் பிறந்தான். அந்த வருடத் திருவிழாவுக்கும் குருசடிக்கு முன்னால் நின்றோம். மதினிக்குத் தலை நரைத்துவிட்டது. அதுதான் நாங்கள் நின்ற கடைசிப் படம். அதற்குப் பிறகு ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. போட்டோக்காரர் வருவது நின்றது. குருசடியை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். பழைய தரையைப் பெயர்த்துப் பளபளவென்று கிரானைட் போட்டார்கள். கட்டம் கிடையாது. மதினி படுக்கையில் விழுந்த பிறகும் ஆத்தும பூசை பற்றிப் பேசவில்லை. போகும் அன்றைக்கு என்னிடம், "சாப்புட்டீரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாப்பிடவில்லை. பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். யாரும் இடம் விடவில்லை. இடம் விடச் சொல்கிறவள் பெட்டிக்குள் இருந்தாள்.

இந்த வருடத் திருவிழாவுக்குப் பங்கு இளைஞர்கள் பழைய படங்களை வாங்கிப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டினார்கள். கொடியேற்றம், சப்பரம், அசன விருந்து, முயல் தீவு எல்லாம். பேரனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பையிலிருந்து கடைசிப் படத்தை எடுத்துப் போயிருந்தான். அதில்தான் அவன் கைப்பிள்ளையாக இருக்கிறான். பூசை முடிந்து நானும் பார்க்கப் போனேன். நல்ல கூட்டம். சுவரில் ஒரு ஆணும் பெண்ணும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். பக்கத்தில் மகள், மருமகன், குழந்தை. யார் என்று ஒரு நிமிடம் எனக்கே பிடிபடவில்லை. அசலூர்ப் பெண்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால் நின்றார்கள். "இவுக புருசன் பொஞ்சாதியா இருக்கும். பொருத்தமா இருக்காவ, பாரு" என்றாள் ஒருத்தி. "அவரு மூஞ்சிதான் சரியா விழல" என்றாள் மற்றவள்.

வெளியே வந்துவிட்டேன். கடற்கரைச் சாலையில் நடந்தேன். துறைமுகம் வரை போய்த் திரும்பினேன். மறுபடி மண்டபத்துக்கு வந்தேன். உள்ளே போகவில்லை. எங்கள் தெருவில் ஒட்டி நின்றால் என்ன பொருள் என்று முன்பே சொன்னேன். ஆயுசு முழுவதும் அவள் சொல்லாத ஒன்றை, அவள் போன பிறகு ஒரு சுவர் சொல்லிக்கொண்டிருந்தது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது. அவள் பெயருக்கு அது ஆகாது. பேரனைக் கூப்பிட்டேன். "ஸ்டுடியோல செஞ்சது தாத்தா. நடுவுல இடம் வீணா கெடந்துச்சாம். சேத்துட்டு, கால் பக்கத்தையும் வெட்டிட்டானாம். எல்லாரும் இதத்தான் நல்லாருக்குனு சொல்லுதாவ" என்றான். அவனுக்கு அந்தப் பழக்கமே தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படத்தை இறக்கச் சொன்னேன். அவன் போய்த் தன் அம்மாவைக் கூட்டிவந்தான்.

அண்ணன் மகள் வந்து படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இரண்டு கட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று வளர்ந்தவள். "இப்பிடியே இருந்துட்டுப் போட்டுமே சித்தப்பா" என்றாள். "எங்கப்பா மூஞ்சி எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு வந்தது நீங்க. காச்சல்ல தூக்கிட்டு ஓடுனது நீங்க. நான் பாத்த அப்பா அம்மா இந்தப் படத்துல இருக்குத மாதிரிதான் இருந்தாங்க. எனக்கு இது பொய்யாத் தெரியல." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அவள் அம்மாவைப் போல வாய் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனேன். மகள் சொன்னது ஒரு பக்கம் இழுத்தது. மதினி கல்லறை வாசலோடு நின்றது ஒரு பக்கம் இழுத்தது. அந்த இடத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி நல்ல பையன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய படத்தை அப்படியே திரையில் கொண்டுவந்தான். பெரிதாக்கிக் காட்டினான். முழுப் படம். தரையும் தெரிந்தது. என் வலது கால் மூலை உடைந்த கட்டத்தில் இருந்தது. மதினியின் கால் தெரிந்தது. நடுவில் ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது.

"இன்னும் பெருசாக்கவா தாத்தா?" என்றான். வேண்டாம், நாளைக்கு வருகிறேன் என்று அசல் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். குருசடிப் படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். வருடம் எழுதவில்லை. அண்ணன் மகளின் வளர்த்தியை வைத்து அடுக்கினேன். அத்தனை வருடமும் நாங்கள் முகத்தைத்தான் பார்த்தோம். காலை யார் பார்த்தார்? இடுப்புப் பிள்ளையாக இருக்கும்போது இரண்டு கட்டம். பள்ளிக்கூடச் சட்டையில் இரண்டு கட்டம். தாவணியில் இரண்டு கட்டம். கலியாணம் ஆன வருடம் மதினியின் செருப்பு நுனி கோட்டின் மேல் இருக்கிறது. அடுத்ததில் கோட்டைத் தாண்டியிருக்கிறது. கடைசிப் படத்தில் ஒரு கட்டம். என் கால் எல்லாப் படத்திலும் அதே உடைந்த மூலையில்தான் இருக்கிறது. நான் நகரவில்லை.

மருமகன் பருத்த ஆள். அந்தப் பக்கமிருந்து நெருக்கியிருக்கலாம். அவளுக்கும் முழங்கால் வலி உண்டு. காலை மாற்றி வைத்திருக்கலாம். கேட்பதற்கு ஆள் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். "சீனி போதுமா பாருங்க" என்றுதான் ஏதாவது சொல்லியிருப்பாள்.

விடிந்ததும் ஸ்டுடியோவுக்குப் போனேன். பேரனும் கூட வந்தான். வழியில் அவனிடம் அந்தப் பழக்கத்தைச் சொன்னேன். அந்தத் தம்பி படத்தைத் திரையில் எடுத்துவைத்துவிட்டு, "எவ்வளவு இடம் விடணும் தாத்தா? ஆள் நிக்கிற எடம்னு இவன் சொன்னான். இதுல அவ்வளவு இல்லியே. இன்னும் தள்ளி வச்சுரவா?" என்று கேட்டான். வைத்துவிடலாம். அவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. அண்ணனுக்கு வேண்டிய இரண்டு கட்டத்தையும் கொடுத்துவிடலாம். அந்தப் பெண்கள் பார்த்த மாதிரி ஒட்டவும் வைக்கலாம், மகள் சந்தோசப்படுவாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

"ஒண்ணும் தள்ளாண்டாம்ப்பா. சேக்கவும் வேண்டாம். அவ எங்க நின்னாளோ அங்கனயே நிக்கட்டும்" என்றேன்.

கடைசி நாள் சப்பரத்துக்கு முன்னால் புதுப் படத்தை மாட்டிவிட்டார்கள். தரையோடு, காலோடு. மகள் வந்து பார்த்தாள். பழக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறது என்று நினைத்திருப்பாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். சப்பரம் வந்து நின்று போனதும் குருசடிக்கு முன்னால் பேரன் போனை நீட்டிக்கொண்டு, "தாத்தா, நில்லுங்க" என்றான். கிரானைட்டில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "தாத்தா, அசையாதீங்க" என்றான்.

இப்போது பையைக் கட்டிவைத்துவிட்டுப் படுக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து அவிழ்க்கிறேன். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். முதல் படத்தில் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். கடைசிப் படத்தில் ஆள் நிற்க முடியாது. கையை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. தொங்கவிட்ட கையோடுதான் நிற்கிறேன். முகம் மட்டும் எப்போதும்போலக் கலங்கியிருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினேன் என்று தெரியவில்லை.